செடித்தொட்டிக்கு கேஸ் சிலிண்டர்: முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும்

சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் ஒரு கட்டு ரொட்டாலா (தண்ணீருக்குள் வளரும் செடி) வாங்கிவந்து மீன்தொட்டியில் நட்டிருப்பீர்கள். முதல் வாரம் பச்சைப்பசேலென்று நின்றிருக்கும். மூன்றாவது வாரம் தண்டு நூலாக இளைத்து, அடி இலையெல்லாம் கொட்டி, உச்சியில் மட்டும் ஒரு சின்னக் கொத்து மிஞ்சியிருக்கும். கடைக்காரர் சொன்ன உரத்தைப் போட்டாயிற்று, லைட்டையும் மாற்றியாயிற்று, ஆனால் பாசிதான் கூடுகிறது. இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் கரியமில வாயுவின் நினைப்பு எல்லோருக்கும் வரும்.

காற்றோடு மட்டும் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராமுக்கு மேல் கரியமில வாயு தங்காது. அதுவும் தண்ணீருக்குள் அந்த வாயு நகரும் வேகம், காற்றில் நகர்வதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. இலையை ஒட்டியிருக்கும் கொஞ்சத்தைச் செடி தின்று முடித்ததும் அடுத்த கவளம் வந்து சேர நேரமாகிறது. இதனால்தான் நாம் 30 மில்லிகிராம் பக்கம் இலக்கு வைக்கிறோம். பெரிய விந்தை ஒன்றுமில்லை, கோலி சோடாவில் இருக்கும் அதே வாயுதான். வேடிக்கை என்னவென்றால், இதற்காக மிகவும் அடம் பிடிக்கும் சிவப்பு ரொட்டாலா மாக்ராண்ட்ரா நம் தென்னிந்தியச் செடி.

கரியமில வாயு சிலிண்டர் எல்லோருக்கும் தேவையில்லை. உங்கள் தொட்டியில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், பாசிப்பந்து என்று மெதுவாக வளர்கிறவை மட்டும்தான் என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். முப்பது லிட்டர் தொட்டி என்றால் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலக்கும் கிட்டே போதும். அறுபது எழுபது லிட்டருக்கு மேல், நல்ல லைட்டோடு, மாண்டி கார்லோ போன்ற தரைச்செடியை விரிக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் சிலிண்டர்.

சிலிண்டரில் கவனம் வையுங்கள்

மற்ற பாகங்கள் கெட்டால் காசு போகும், அவ்வளவுதான். சிலிண்டர் விஷயம் அப்படியில்லை.

உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். 25 பாகை வெப்பத்தில் அழுத்தம் சுமார் 64 பார் (அழுத்தத்தின் அலகு), 30 பாகையில் சுமார் 72 பார். 31 பாகையைத் தாண்டிவிட்டால் உள்ளே திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய்விடும். அதற்கு மேல் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறை எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே கேஸ் நிரப்பும் இடத்தில் "கொஞ்சம் கூடுதலா அடைச்சுக் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு கிலோ சிலிண்டர் என்றால் இரண்டு கிலோதான். வெற்று எடை சிலிண்டரின் தோளில் பொறிக்கப்பட்டிருக்கும். தராசில் வைத்துக் கழித்துப் பாருங்கள். அதே தோளில்தான் சோதனை செய்த மாதமும் வருடமும் இருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை நடந்திருக்க வேண்டும். தேதி தேய்ந்துபோன, பெயின்ட் பூசி மறைத்த சிலிண்டர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பழைய தீயணைப்பான் சிலிண்டரை மாற்றிக் கொடுப்பது நம் ஊரில் சகஜம். அதில் ஒரு சிக்கல் உண்டு. தீயணைப்பானுக்குள் வால்விலிருந்து அடிவரை ஒரு குழாய் இறங்கும். தீயை அணைக்க திரவமே பீய்ச்சி வெளியே வர வேண்டும் என்பதற்காக வைத்தது அது. நமக்கோ மேலே நிற்கும் வாயு மட்டும் போதும். அந்தக் குழாயோடு ரெகுலேட்டரை மாட்டினால் திரவம் உள்ளே பாய்ந்து உறைந்து, ரெகுலேட்டரைப் பாழாக்கிவிடும். நான் வாங்கும்போது கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு சார்" என்றார்கள். நல்லவேளையாக அங்கேயே திறந்து காட்டச் சொன்னேன். வெள்ளை வெளேரென்று பனித்தூள் கொட்டியது! நீங்களும் கடை வாசலிலேயே, சிலிண்டரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவர்களையே திறக்கச் சொல்லுங்கள். வெறும் சீற்றம் என்றால் சரி. பனித்தூள் கொட்டினால் குழாய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஒரு கிலோ கரியமில வாயு வெளியே வந்தால் ஐந்நூற்றைம்பது லிட்டர் இடத்தைப் பிடிக்கும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்று வையுங்கள். இரண்டு கிலோ சிலிண்டர் மொத்தமும் ஒரே மூச்சில் கசிந்தால் அறைக் காற்றில் கிட்டத்தட்ட 4 சதவீதம் கரியமில வாயு ஆகிவிடும். அது உயிருக்கே ஆபத்தான அளவு. நாலரைக் கிலோ என்றால் எட்டு சதவீதத்தைத் தாண்டும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். அதனால் கதவைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்கும் படுக்கையறையில் பெரிய சிலிண்டர் கூடாது. ஹாலில், வெயில் படாத மூலையில், நிமிர்த்தி, சுவரோடோ ஸ்டாண்டோடோ ஒரு பெல்ட்டால் கட்டி வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கட்டுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

மற்ற பாகங்கள்

ரெகுலேட்டரில் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்று (பெரிய மீட்டர்) சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும், இன்னொன்று (சின்ன மீட்டர்) வெளியே போகும் அழுத்தத்தை. வாங்குமுன் சிலிண்டர் வால்வின் மரையும் ரெகுலேட்டரின் மரையும் பொருந்துமா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். அமெரிக்க மரை வேறு, ஐரோப்பிய மரை வேறு. இணையத்தில் ஆசையாக வாங்கிய ரெகுலேட்டருக்கு அடாப்டர் தேடி பாரிமுனையில் அலைவது ஒரு தனிச் சடங்கு. ரெகுலேட்டரோடு சோலனாய்டு வால்வும் நீடில் வால்வும் சேர்ந்தே வருவதாகப் பாருங்கள். சோலனாய்டு என்பது கரண்ட் வந்தால் திறந்து, போனால் மூடிக்கொள்ளும் வால்வு. நீடில் வால்வு குமிழ்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. மொத்தத்தில் காசைக் கொட்ட வேண்டிய இடம் நீடில் வால்வுதான். மலிவான வால்வில் காலையில் நொடிக்கு இரண்டு குமிழ் வைத்தால் மாலையில் நாலாகி நிற்கும்.

டியூப் சாதாரண சிலிக்கான் ஏர் டியூப் கூடாது. சிலிக்கான் வழியே கரியமில வாயு கசியும். பாலியூரித்தேன் டியூப் கேளுங்கள், கொஞ்சம் விறைப்பாக இருக்கும். குமிழ் எண்ணும் பபிள் கவுண்டர், தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் செக் வால்வு, வாயுவைப் பொடிக் குமிழாக்கும் செராமிக் டிஃப்யூசர், தண்ணீரில் கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர், சோலனாய்டை நேரத்துக்குத் திறந்து மூட ஒரு டைமர். இவ்வளவுதான் பட்டியல்.

மாட்டுவதும் திறப்பதும்

சிலிண்டர் வால்வின் வாயைத் துணியால் துடைத்துவிட்டு, நைலான் வாஷரை வைத்து ரெகுலேட்டரைப் பொருத்துங்கள். முதலில் கையால் சுற்றி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். இந்த இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அடைப்பது வாஷர்தான், டேப் சுற்றினால் வாஷர் சரியாக உட்காராது. வாஷர் ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி மேஜை டிராயரில் போட்டுவையுங்கள்.

பபிள் கவுண்டரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி மூடுங்கள். அதற்கு அப்புறம் டியூப், நடுவே செக் வால்வு, கடைசியில் டிஃப்யூசர். செக் வால்வில் அம்புக்குறி இருக்கும், அது தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் குமிழே வராது. மாட்ட மறந்தால், வாயு நின்ற ராத்திரியில் தொட்டித் தண்ணீர் டியூப் வழியே இறங்கி ரெகுலேட்டருக்குள் போய்விடும்.

டிஃப்யூசரை எவ்வளவு கீழே வைக்க முடியுமோ அவ்வளவு கீழே, ஃபில்டரின் தண்ணீர் ஓட்டம் வந்து அடிக்கும் இடத்தில் வையுங்கள். குமிழ் மேலே போய் உடைவதற்குள் கரைய வேண்டும், கரைந்தது தொட்டி முழுக்கப் பரவ வேண்டும்.

இப்போது திறக்கும் வரிசை. இதை மாற்றாதீர்கள்.

ரெகுலேட்டரின் பெரிய திருகை இடப்பக்கம் திருகி முழுக்கத் தளர்த்திவிடுங்கள். நீடில் வால்வை மூடுங்கள், ஆனால் முறுக்கி இறுக்காதீர்கள், ஊசி நசுங்கிவிடும். மீட்டர்களின் முகத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, சிலிண்டர் வால்வை மெல்ல, கால் சுற்று திறங்கள். பெரிய மீட்டரின் முள் விர்ரென்று ஏறி நிற்கும். அப்புறம் மீதியைத் திறங்கள். அடுத்து ரெகுலேட்டர் திருகை வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, சின்ன மீட்டரில் 2 பார் வந்ததும் நிறுத்துங்கள். பிஎஸ்ஐ மீட்டர் என்றால் 30. சோலனாய்டுக்கு கரண்ட் கொடுங்கள், 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். நீடில் வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறங்கள். முதல் குமிழ் வர சில நிமிடம் ஆகலாம். டியூப் நிரம்பி, செராமிக் தகட்டில் அழுத்தம் சேர வேண்டுமே. குமிழ் வரவில்லை என்று பொறுமையிழந்து ஒரு சுற்று திருகினால் அடுத்த நிமிடம் தொட்டியே பொங்கும்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷால் எல்லா இணைப்பிலும் தடவுங்கள். நுரை பூத்தால் கசிவு. சோலனாய்டின் ஒயர் பக்கம் மட்டும் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிக நுண்ணிய கசிவு சோப்பில் தெரியாது. அதற்கு ஒரு வழி: சோலனாய்டை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டு, இரண்டு மீட்டரின் முள்ளையும் போனில் படமெடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் முள் கணிசமாக இறங்கியிருந்தால் எங்கேயோ ஓட்டை. இறங்காமல் நின்றால் நிம்மதி.

எவ்வளவு விடுவது

என் முதல் நாளைச் சொல்கிறேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்குத் திறந்தேன், நொடிக்கு ஒரு குமிழ். எட்டு மணிக்குப் பார்த்தால் டிராப் செக்கர் அதே நீலம், அதாவது வாயு போதவில்லை. கொஞ்சம் கூட்டினேன். எட்டேகாலுக்கும் நீலம். இன்னும் கூட்டினேன். எட்டரைக்கு பஸ் பிடிக்கும் அவசரத்தில் இன்னொரு திருகு. மாலை வந்து பார்த்தபோது டிராப் செக்கர் எலுமிச்சை மஞ்சள். பன்னிரண்டு நியான் டெட்ராவில் எட்டு அடியில் கிடந்தன, மிச்சம் நாலும் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

டிராப் செக்கர் பொய் சொல்லவில்லை. நேரம் கழித்துச் சொன்னது, அவ்வளவுதான். தொட்டித் தண்ணீரிலிருந்து வாயு வெளியேறி, நடுவில் சிறைப்பட்டிருக்கும் காற்றைக் கடந்து, உள்ளே இருக்கும் கரைசலில் கரைந்து நிறம் மாற ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் இப்போது பார்ப்பது இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய தொட்டி. இது தெரியாமல் திருகினால் நான் செய்ததையே செய்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்று தலைப்பில் சொன்னது இதற்காகத்தான். நாள் முழுக்கத் தொட்டியின் பக்கத்தில் இருக்க முடிகிற நாளில் மட்டும் முதல்முறை திறங்கள்.

அளவைத் தொடங்க, நூறு லிட்டர் வரை நொடிக்கு ஒரு குமிழ். கூட்டுவதென்றால் ஒரு நாளைக்கு ஒரு முறை, அதுவும் கொஞ்சம்தான். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று குமிழ் விடுகிறார் என்பதால் நீங்களும் விட வேண்டியதில்லை. குமிழின் அளவே கவுண்டருக்குக் கவுண்டர் மாறும்.

டிராப் செக்கருக்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றாதீர்கள். சில பெட்டிகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, பரவாயில்லை, கேட்க வேண்டாம். கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 4 என்று தயாராக விற்கும் கரைசலில் நிறம் காட்டும் புரோமோதைமால் புளூ சொட்டு விடுங்கள். இந்தக் கரைசலில்தான் 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) அளவு பச்சையாகத் தெரியும். நீலம் என்றால் போதவில்லை, மஞ்சள் என்றால் அதிகம். டிஃப்யூசருக்கு எதிர் மூலையில் மாட்டுங்கள், குமிழ் நேரே போய் உள்ளே புகக்கூடாது.

பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பிடிக்கலாம். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை எடுத்து ஒரு நாள் முழுக்க மேஜையில் வைத்து, மறுநாள் பிஎச் பாருங்கள். லைட் எரியும் நேரத்தில் தொட்டியின் பிஎச் அதைவிட 1 முதல் 1.2 வரை குறைவாக இருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். சென்னை போர் தண்ணீரில் கேஎச் பத்துக்குப் பக்கம் இருப்பதால் பிஎச் 7 என்று காட்டினாலும் வாயு போதுமானதாக இருக்கும். எண்ணைப் பார்த்து மிரண்டு கூட்டாதீர்கள்.

இதெல்லாவற்றையும்விட மீன்தான் நல்ல மீட்டர். செவுள் வேகமாக அடிப்பது, மேற்பரப்பில் கூட்டமாக வந்து வாயைத் திறப்பது, இறால்கள் தண்ணீர் மட்டத்துக்கு ஏறுவது ஆகியவை ஆபத்துக் குறிகள். பார்த்ததும் சோலனாய்டை அணையுங்கள், ஏர் பம்ப்பைப் போடுங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கோடையில் இன்னும் எச்சரிக்கை. 25 பாகையில் தண்ணீர் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் பிராணவாயுவைப் பிடிக்கும், 30 பாகையில் ஏழரைதான். மே மாதத்தில் நான் குமிழைக் குறைத்துவிட்டு, தொட்டி மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்துவிடுவேன். செடி கொஞ்சம் சோர்ந்தாலும் ஜூலையில் தேறிவிடும்.

டைமர், கரண்ட், இன்வெர்ட்டர்

லைட் எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வாயு தொடங்க வேண்டும். லைட் அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் லைட்டை மதியம் 2 முதல் இரவு 10 வரை வைத்துக்கொண்டு, வாயுவை 12.30 முதல் 9 வரை வைக்கலாம். ராத்திரி வாயு வேண்டாம். இருட்டில் செடியும் பிராணவாயுவைத்தான் உறிஞ்சும்.

இன்னொன்று, வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது. உங்கள் வீட்டில் எந்த பிளக் இன்வெர்ட்டரில் இருக்கிறது என்று பாருங்கள். சோலனாய்டு இன்வெர்ட்டரிலும் ஃபில்டர் நேரடி லைனிலும் இருந்தால், கரண்ட் போன இரண்டு மணி நேரமும் தண்ணீர் அசையாது, ஆனால் வாயு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கட்டும். எரிந்தால் சேர்ந்து எரியட்டும், நின்றால் சேர்ந்து நிற்கட்டும். அதேபோல, வட்டமாகச் சுற்றும் மலிவு டைமர்கள் கரண்ட் இல்லாத நேரத்தில் நின்றுவிடும். நாலு பவர்கட்டுக்குப் பிறகு உங்கள் மதியம் இரண்டு மணி அதற்குக் காலை பதினொன்றாக இருக்கும். உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

அப்புறம்

டிஃப்யூசரில் பச்சை படிந்து குமிழ் பெரிதானால், பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, குளோரினை நீக்கும் மருந்து கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மாட்டுங்கள். பபிள் கவுண்டரில் தண்ணீர் வற்றும், அவ்வப்போது ஊற்றுங்கள். டிராப் செக்கர் கரைசலை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

சிலிண்டர் தீர்வதுதான் கவனிக்க வேண்டியது. பெரிய மீட்டர் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும், வெயிலுக்கு ஏறி மழைக்கு இறங்குவதைத் தவிர. பாதி தீர்ந்திருந்தாலும் உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அதே இடத்தில்தான். திரவம் முடிந்த பிறகு சில நாட்களில் மளமளவென்று இறங்கும். அந்தக் கட்டத்தில் ஒற்றை அடுக்கு (அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும்) ரெகுலேட்டர்களில் வெளியேறும் அழுத்தம் தானாகக் கூடி, குமிழ் தாரையாகக் கொட்டக்கூடும். கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தலாம் என்று நினைத்து மீனை இழந்தவர்கள் நிறையப் பேர். முள் 35 பாருக்குக் கீழே இறங்கினால் கழற்றிவிடுங்கள். நூறு லிட்டர் தொட்டிக்கு நொடிக்கு இரண்டு குமிழ் என்றால் இரண்டு கிலோ ஆறு மாதமாவது வரும். அதற்கு முன்பே தீர்ந்தால் மறுபடி சோப்புத் தண்ணீரை எடுங்கள்.

நிரப்பக் கொண்டுபோகும்போது காரில் என்றால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், சிலிண்டர் உருளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் டிராயரில் போட்டுவைத்த புது வாஷரைப் போட்டு, அதே வரிசையில் திறந்து, சோப்பு தடவி, குமிழை எண்ணுங்கள். நீடில் வால்வை நீங்கள் தொடாவிட்டாலும் எண்ணிக்கை மாறியிருக்கும். அன்றைக்கும் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியதுதான்.